யோகாசனம் தொடங்கினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஜூன் 21 நெருங்கினாலே செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டு விதமான பேச்சு ஓடும். யோகா செய்தால் சர்க்கரை குணமாகும், தைராய்டு சரியாகும், மாரடைப்பு பக்கத்திலேயே வராது என்பார்கள் சிலர். அதில் ஒன்றுமே இல்லை, கைகாலை நீட்டி மடக்குவதற்கு ஒரு பெரிய பெயர், அவ்வளவுதான் என்பார்கள் வேறு சிலர். அந்த நாளை ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ஆனாலும் இந்தக் குழப்பம் தீரவில்லை. நாற்பது வயதைத் தாண்டி, முதுகுவலியோடும் கொஞ்சம் கூடிய ரத்த அழுத்தத்தோடும், "நாமும் தொடங்கலாமா?" என்று யோசிக்கிறவருக்கு இந்த இரண்டு பேச்சாலும் பயனில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: உடம்பில் எது மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது, எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

யோகா என்று எதைச் சொல்கிறோம்?

பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்று மட்டுமே. இயமம், நியமம், பிராணாயாமம், தியானம் என்று மற்றவை நீள்கின்றன. தமிழில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இதே எட்டையும் விரிவாகப் பேசுகிறது. ஆசனத்துக்குப் பதஞ்சலி தரும் இலக்கணம் மிகச் சின்னது: நிலையாகவும் சுகமாகவும் இருப்பது. தொடங்குபவர்கள் இந்த இரண்டு சொல்லை மறக்கக் கூடாது. கால் நடுங்கினால் நிலை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் சுகம் இல்லை.

இன்று வகுப்புகளில் சொல்லித்தரும் ஆசன வரிசைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருவம் பெற்றவை. மைசூர் அரண்மனையில் 1930களில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா பிறகு சென்னைக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்தார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், மகன் தேசிகாச்சார் ஆகிய மூன்று மாணவர்கள் வழியாக மூன்று வேறுபட்ட முறைகள் உலகெங்கும் போயின. சூரிய நமஸ்காரம் உடற்பயிற்சியாகப் பரவியதில் மகாராஷ்டிரப் பக்கத்து ஔந்த் சமஸ்தான மன்னருக்குப் பெரிய பங்கு உண்டு. அது 1920களில் நடந்தது.

இந்த வரலாற்றுக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்றால், "யோகா செய்தவர்களுக்கு இப்படி ஆனது" என்று ஒரு செய்தி வந்தால் எந்த யோகா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதும் யோகாதான். வியர்க்க வியர்க்க 50 சூரிய நமஸ்காரம் போடுவதும் யோகாதான். உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையில் யோகா என்றால் தொடக்கநிலை வகுப்புகளில் வழக்கமாக இருக்கும் மூன்றும் சேர்ந்தது: எளிய ஆசனங்கள், மெதுவான மூச்சுப் பயிற்சி, கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசன ஓய்வு.

முதலில் மாறுவது மூச்சு

சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். மூச்சு உள்ளே போகும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே வரும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்சு விட்டுப் பார்த்தால் இளவயதினர் பலருக்கு இது விரலிலேயே தெரியும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை இது. அது இதயத்துக்குப் பிரேக் மாதிரி. மூச்சை இழுக்கும்போது பிரேக் தளரும், விடும்போது பிடிக்கும். மூச்சை விடும் நேரத்தை நீட்டினால் பிரேக் பிடிக்கும் நேரமும் நீளும். படபடப்பாக இருக்கிறவரிடம் "மூச்சை மெதுவா விடு" என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த உடலியல் இருக்கிறது.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்தை ஒட்டிய பெரிய தமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை இதயத்தை நிதானப்படுத்தும், இறங்கினால் முடுக்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் 10 விநாடித் தாளம் ஒன்று இயல்பாகவே உண்டு. ஒருவர் நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டால் அவர் மூச்சும் அதே 10 விநாடித் தாளத்துக்கு வந்துவிடுகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகும் அல்லவா, அதுபோல இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் ஜெபமாலை சொல்லவும், "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற மந்திரத்தைச் சொல்லவும் வைத்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைத்தன. அழுத்த உணர்விகளின் செயல்பாடு இரண்டிலும் கூடியது. எந்த மதத்தின் சொல் என்பது இங்கே முக்கியமாக இல்லை, தாளம்தான் வேலை செய்தது. மதத்தை நினைத்து யோகாவிலிருந்து விலகி நிற்பவர்கள் இந்த ஆய்வைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருமந்திரம் பிராணாயாமத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: இழுப்பதற்கு 16 மாத்திரை (பழைய கால அளவு), அடக்குவதற்கு 64, விடுவதற்கு 32. விடுவது இழுப்பதைப்போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். தொடங்குபவர் அந்த விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 3 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடலாம். நடுவில் உள்ள கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்வதற்கு உரியதல்ல.

வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் இதற்கு நேர் எதிர் திசையில் போகின்றன. அளவு மீறினால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல்நுனியும் உதடும் மரத்துப்போகும். இதைச் "சக்தி ஏறுகிறது" என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை, நிறுத்தச் சொல்லி உடம்பு தரும் தகவல் அது.

தசையும் மூட்டும்

"என் உடம்பு வளையாது, எனக்கு யோகா சரிப்படாது" என்பது பலருடைய முதல் தயக்கம். வளையாமல் இருப்பதற்குத் தசை குட்டையாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம். தொடக்க வாரங்களில் பெரும்பாலும் நரம்புதான் தடுக்கிறது. தசை இழுபடும்போது, "இதற்கு மேல் போனால் ஆபத்து" என்று அது ஓர் எல்லை வைக்கிறது. மெதுவாக, பயமில்லாமல், திரும்பத் திரும்ப அந்த எல்லை வரை போய்வந்தால் நரம்பு எல்லையைத் தள்ளிவைக்கிறது. முதல் மாதத்தில் குனிந்து கணுக்காலைத் தொட முடிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வெடுக்கென்று இழுத்தால் நரம்பு பயந்து தசையை இன்னும் இறுக்கிவிடும்.

சமநிலை இன்னொரு லாபம். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதத்தின் சின்னத் தசைகளும் இடுப்பின் பக்கத் தசைகளும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. அறுபதைத் தாண்டியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது எத்தனையோ குடும்பங்களில் நடக்கிறது. சமநிலையைக் கூட்டும் பயிற்சியை முதியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யும் விருட்சாசனமும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆய்வுகள் எதைக் காட்டியிருக்கின்றன?

1. நாள்பட்ட முதுகுவலி. வலுவான சான்று உள்ள இடங்களில் இது ஒன்று. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் உடற்பயிற்சி, யோகா போன்றவற்றை முயலச் சொல்லி அமெரிக்க மருத்துவர் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வழிகாட்டியது. அதே ஆண்டு பாஸ்டன் ஆய்வொன்றில் 320 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 12 வாரம் யோகா வகுப்பும் இன்னொரு பகுதியினருக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. 2011இல் 228 பேரைக் கொண்டு நடந்த வேறோர் ஆய்வு யோகாவைச் சாதாரணத் தசை நீட்டல் வகுப்போடு ஒப்பிட்டது. அங்கேயும் வித்தியாசம் இல்லை. ஆனால் புத்தகம் மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களைவிட இரண்டு குழுவினரும் நன்றாக இருந்தார்கள்.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், முதுகுக்கு வேண்டியது ஒழுங்கான, பயமில்லாத அசைவு. அதை யோகா தருகிறது, பிசியோதெரபியும் தருகிறது. யோகாவுக்கு மட்டும் உரிய மந்திரச் சக்தி எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு பாயும் ஆறடி இடமும் இருந்தால் வீட்டிலேயே தொடரலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. யோகா செய்தவர்களில் சிலருக்கு முதுகுவலி கூடியதையும் 2017இல் வந்த, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு பதிவு செய்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே ஆசனம் பொருந்தாது.

2. ரத்த அழுத்தம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் மேல் அழுத்தம் சராசரியாக 4, 5 புள்ளி குறைகிறது. 150 இருப்பவருக்கு 145 ஆகலாம். உபயோகமான குறைவுதான், ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவு அல்ல.

3. சர்க்கரை நோய். தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே கொஞ்சம் குளுக்கோஸை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்த உடலசைவுக்கும் இது பொருந்தும். மன அழுத்தம் குறைந்தால் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களும் தணியும். மருந்தோடு சேர்த்து யோகா செய்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஓரளவு இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்துக்குப் பதிலாக என்று அவை சொல்லவில்லை. "மருந்தோடு" என்ற ஒரு சொல் வாட்ஸ்அப் செய்திகளில் எப்போதும் காணாமல் போய்விடுகிறது. அதனால் இன்சுலினை நிறுத்திவிட்டு மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளிகள் ஏற்கும் ஆபத்து மிகப் பெரியது.

4. இதயம். யோகா-கேர் என்ற ஆய்வு இந்தியாவின் 24 மருத்துவ மையங்களில், மாரடைப்பு வந்து தேறிய 3,959 பேரிடம் நடந்தது. 2020இல் வெளியான அதன் முடிவை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களுக்கு எளிதாக இருந்தது. ஆனால் மரணத்தையும் மறுபடி வரும் மாரடைப்பையும் அது குறைத்தது என்று உறுதியாக நிறுவ முடியவில்லை. இரண்டு குழுவினரும் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தபடியேதான் இருந்தார்கள்.

5. மனம், தூக்கம். பதற்றம், லேசான மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றில் துணையாக உதவுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை யோகாவைச் சிகிச்சையோடு சேர்த்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

நம்பப்படும், ஆனால் நடக்காத விஷயங்கள்

"ஆழமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும்." ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ஏற்கெனவே 95 முதல் 100 சதவீதம் இருக்கிறது. கொரோனா நாட்களில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? மெதுவான மூச்சின் பலன் நரம்பு வழியாக வருகிறது, ஆக்ஸிஜன் வழியாக அல்ல.

"சர்வாங்காசனம் தைராய்டைத் தூண்டும்." தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் இந்த ஆசனத்தில் தாடை கழுத்தில் அழுந்துவதால் வந்த நம்பிக்கை இது. தைராய்டு சுரப்பியை இயக்குவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன். வெளியிலிருந்து அழுத்தினால் அது கூடாது. தைராய்டு குறைபாட்டுக்குப் பொதுவான ஒரு காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. கழுத்தை மடக்கினால் அது நிற்காது. மாத்திரையைத் தொடர வேண்டும்.

"உடம்பை முறுக்கினால் நச்சு வெளியேறும்." கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். ஈரத்துணியைப் பிழிவதுபோல அவற்றைப் பிழிய முடியாது.

"எடை குறையும்." மெதுவான ஆசனங்கள், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடச் சுமார் இரண்டரை மடங்கு சக்தியைச் செலவழிக்கின்றன. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் செலவாவது ஏறக்குறைய 60 கலோரி, ஆசனம் செய்தால் 150. கூடுதலாகச் செலவான 90 கலோரி இரண்டு இட்லிக்குச் சமம். வேகமாக நடந்தால் இதைவிட அதிகம் செலவாகும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மென்மையான ஆசனங்களை மட்டும் வைத்து அதை எட்ட முடியாது. நடைப்பயிற்சியும் வேண்டும்.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனம் பழகிய 75 பேருக்குத் தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். அது ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு, இருப்பதே தெரியாதவர்களுக்கும்தான், இது பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய ஏற்றம். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் தலையைத் தாழ்த்தும் எந்த ஆசனத்தையும் கண் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சிரசாசனத்தில் உடல் எடையின் கணிசமான பகுதியைக் கழுத்தெலும்பு தாங்குகிறது. தொடங்குபவருக்கு அந்த ஆசனம் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன பலன்களில் ஒன்றுகூட அதை நம்பி இல்லை.

பத்மாசனம் பார்க்கச் சாதுவாக இருக்கும். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பந்து போன்றது, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் கதவுக்கீல் போன்றது, மடங்கும், நீளும், மிகக் கொஞ்சம்தான் திரும்பும். இடுப்பு சுழல மறுக்கும்போது பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் வைத்தால் அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகும், உள்ளே இருக்கும் குருத்தெலும்புச் சவ்வு கிழியலாம். சம்மணம் போட்டால் போதும். அதுவும் வலித்தால் நாற்காலி இருக்கிறது. முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், மண்டியிட்டுக் குதிகால்மேல் அமரும் வஜ்ராசனத்தில் உட்காரும் முன் அறுவை மருத்துவரைக் கேளுங்கள்.

இவை தவிர:

1. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சடக்கல் மூன்றையும் விட்டுவிட வேண்டும்.

2. எலும்பு மெலிந்தவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகை வளைத்து ஆழமாகக் குனியும் பச்சிமோத்தாசனம் போன்றவற்றைத் தவிர்க்கவும். முதுகெலும்பின் முன்பகுதி நசுங்கும் வாய்ப்பு உண்டு.

3. கர்ப்பிணிகள் மல்லாந்தும் குப்புறவும் நெடுநேரம் படுக்கக் கூடாது. மகப்பேறு மருத்துவரிடம் கேட்ட பிறகு, கர்ப்பகால யோகா தெரிந்தவரிடம் கற்கலாம்.

4. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பக்கத்தில் இனிப்பாக ஏதாவது இருக்கட்டும்.

முதல் இரண்டு மாதம் என்ன செய்யலாம்?

ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட இது நல்லது, நரம்பு தன் எல்லையைத் தள்ளிவைப்பதற்கு அடிக்கடி செய்வதுதான் தேவை. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அதிகாலைதான் என்ற கட்டாயம் இல்லை. சொல்லப்போனால் தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகெலும்புத் தட்டுகள் நீரால் உப்பியிருக்கும், அப்போது ஆழமாகக் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் கூடும். முதுகுவலி உள்ளவர்கள் எழுந்து, காபி குடித்து, கொஞ்சம் நடமாடிய பிறகோ மாலையிலோ தொடங்குவது நல்லது. டைல்ஸ் தரையில் ஜமுக்காளமும் கோரைப்பாயும் வழுக்கும். நின்று செய்பவற்றை வெறும் தரையில் வெறுங்காலோடு செய்யுங்கள்.

வரிசை இப்படி இருக்கலாம்:

1. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, வயிற்றில் கை வைத்து, 3க்கு இழுத்து 6க்கு விடும் மூச்சு. மூன்று நிமிடம்.

2. கைகால்களை ஊன்றி, பூனைபோல முதுகை ஏற்றி இறக்கும் மார்ஜாரி ஆசனம். எட்டு முறை.

3. நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், பிறகு சுவரோரம் விருட்சாசனம். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து மூச்சு.

4. குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் புஜங்காசனம். கையை ஊன்றித் தள்ளாமல் முதுகின் பலத்தால் மட்டும், தொப்புள் தரையில் இருக்கும் அளவுக்கு எழுந்தால் போதும்.

5. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, இடுப்பை மட்டும் தூக்கும் சேதுபந்தாசனம். அப்புறம் ஒவ்வொரு முழங்காலாக மார்புக்குக் கொண்டுவரும் பவனமுக்தாசனம்.

6. சவாசனம், ஐந்து நிமிடம். நேரமில்லை என்று பலர் வெட்டிவிடுவது இதைத்தான். மூச்சு தானாகவே மெதுவாவதைக் கவனிக்கக் கிடைக்கும் நேரம் இது, விடாதீர்கள்.

செய்யும்போது மூச்சு வாய்வழி வாங்கினாலோ, முகம் சுளித்தாலோ, சுருக்கென்று ஓரிடத்தில் குத்தினாலோ அந்த ஆசனத்திலிருந்து பாதி தூரம் பின்வாங்குங்கள். தசையில் பரவலாகத் தெரியும் இழுப்பு பரவாயில்லை. மூட்டுக்குள் வலிப்பது கூடாது. ஆசிரியரைத் தேடும்போது, சேர்வதற்கு முன்னால் உங்கள் நோய், அறுவை, மாத்திரை விவரங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் சேர வேண்டாம்.

மாற்றங்கள் ஒரே நாளில் வருவதில்லை. மூச்சு தரும் அமைதி முதல் நாளே தெரியலாம். இறுக்கம் குறைய மூன்று, நான்கு வாரம் ஆகும். முதுகுவலி ஆய்வுகள் பலவற்றில் பயிற்சி 12 வாரம் நடந்திருக்கிறது. அவ்வளவு காலம் ஒழுங்காகச் செய்தும் வலி அப்படியே இருந்தால் ஆசனத்தைக் கடினமாக்கிப் பார்க்க வேண்டாம், வலிக்கு வேறு காரணம் உண்டா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் மரத்துப்போதல், வலு குறைதல், சிறுநீரை அடக்க முடியாமை, காய்ச்சலோடு வரும் முதுகுவலி இவற்றில் ஏதாவது இருந்தால் 12 வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.